நூலகர் தனகோடி ஒட்டிய சீட்டு

தனகோடிக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். அதைப் பார்த்ததும் நூலகத்தில் அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடுவார்கள். எதிரில் நிற்பவர் கல்லூரி முதல்வராகவே இருந்தாலும் சரி, கண்ணாடி கழன்றபின் அவர் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது. முகம் தெரியாதவரிடம் என்ன தயவு, என்ன தாட்சண்யம்.

இந்தக் கோபம் நேற்று முளைத்ததல்ல. கலவைக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள். வீட்டில் அப்பாவும் அண்ணனும் ஜமா என்று சொல்கிற கூத்துக் குழுவில் வேஷம் கட்டுகிறவர்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், வெளியே பூட்டுத் தொங்கும். கேட்டால், "கிழிச்சிடுவீங்க" என்பார் தலைமை ஆசிரியர். பள்ளிக்காலம் முழுக்க அந்த முதுகுகளைத்தான் அவள் படித்தாள். மாதனூரில் வாழ்க்கைப்பட்டு, ஷூ கம்பெனி பஸ் ஓட்டும் அன்பரசனுக்கு விடிவதற்கு முன்னால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அஞ்சல் வழியில் நூலக அறிவியல் படித்து முடித்தாள். ஆம்பூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் நூலகராகச் சேர்ந்த முதல் வாரமே எல்லா அலமாரிப் பூட்டுகளையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டு, முதல்வர் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"புத்தகம் காணாமப் போனா?" என்று கேட்டார் அந்த நாள் முதல்வர்.

"போவட்டும் சார். படிக்கிறவன்தான் எடுத்துக்கினு போவான்."

அந்தக் கல்லூரியில் நாடகத் துறை தொடங்கியபோது ஊரே சிரித்தது. தோல் பதனிடும் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் ஆள் அனுப்புகிற ஊரில் கூத்தாடப் படிப்பு வேறா என்றார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகளே பிறகு வந்து சேர்ந்தார்கள். மாதனூர், குடியாத்தம், ஆற்காடு என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். நாடகம் போடச் சொன்னால் பிய்த்து உதறுவார்கள், ஆய்வேடு எழுதச் சொன்னால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அவர்களுக்காகத் தனகோடி தானே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை மதியம் நூலகத்தின் பின்பக்க மேஜையில் உட்கார்ந்துகொள்வாள். எந்தக் கட்டுரை எந்த இதழில் கிடைக்கும், இணையத்தில் பழைய ஒலிப்பதிவுகளை எப்படித் தேடுவது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கென்று ஒரே ஒரு பாடம் இருந்தது.

"யாரு சொன்னது, எங்க சொன்னது, எப்ப சொன்னது. இந்த மூணும் இல்லாம எழுதினா அது ஆய்வு இல்ல, டீக்கடைப் பேச்சு."

அப்படி வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருத்திதான் நிஷா. முதுகலை இரண்டாம் ஆண்டு. அவளுடைய அம்மா கிறிஸ்டினா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். திரௌபதி துகில் உரியப்படும் இரவைப் பற்றி நிஷா ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பங்குனியில், "புத்தகத்தை மூடி வச்சிட்டுக் களத்துக்குப் போய்ப் பாரு" என்று அவளைக் கலவைப் பக்கம் தன் அண்ணன் ஜமா ஆடும் பாரதக் கூத்துக்கு அனுப்பியதே தனகோடிதான்.

போய் வந்த பெண், ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம் முகம் செத்துப்போய் வந்து நின்றாள். கையில் ஆய்வேடு. வழிகாட்டி கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"சார் போட மாட்டேன்ட்டார் மேடம்."

சார் என்றால் துறைத்தலைவர் பேராசிரியர் ராஜகோபால். கூத்தைப் பற்றி அவர் இருபது வருஷத்துக்கு முன் எழுதிய தடிமனான புத்தகம்தான் துறையின் பாடநூல். நூலகத்தில் அதற்கு ஆறு பிரதிகள். துகில் இரவில் திரௌபதி கண்ணனை அழைத்துப் பாடும் பாட்டு அதில் அச்சாகியிருந்தது. களத்தில் தான் கேட்டது அந்தப் பாட்டே இல்லை, ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை என்று நிஷா நான்காம் இயலில் எழுதியிருந்தாள். பேராசிரியர் அந்த இயலைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார்.

"இன்னா சொன்னார்?"

"உன் காதுல விழுந்தது எல்லாம் ஆதாரமான்னு கேட்டார். அச்சுல இருக்கிறதுதான் ஆதாரமாம். அந்தப் பாட்டையே போட்டு எழுதிக் குடுத்தா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்றார். அம்மாவும் எழுதிக் குடுத்துட்டு வாடிங்குது. விட்டுடலாம் மேடம். கையெழுத்து இல்லேன்னா பட்டம் இல்ல. ஜூன் மாசம் நானும் கம்பெனி பஸ்ஸுதான். உங்க வீட்டுக்காரர் பஸ்ஸுலயே ஏறிக்கிறேன்."

தனகோடி எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். இத்தனை வருஷமாக அதற்கு எண் ஒட்டினாள், தூசி தட்டினாள், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து படித்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

*சுண்ணாம்புக் குழியில வேகுறேனே – அண்ணா
ஆவாரம் பட்டையில ஊறுறேனே
மயிர் போச்சு சதை போச்சு மானம் போச்சே
மடிச்சு வச்ச தோலாட்டம் ஆனேனே*

அதன் கீழே ஆறு பக்கத்துக்கு விளக்கம். சுண்ணாம்பு தூய்மையின் குறியீடாம். ஆவாரம் மங்கலத்தின் தொன்மப் படிமமாம். ஊறுதல் என்பது கருவறைக்குத் திரும்பும் ஏக்கமாம்.

தனகோடி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நிஷா, உங்க தாத்தா இன்னா வேல பார்த்தாரு?"

"தோல் ஷாப்புல மேடம். சுண்ணாம்புக் குழியில நின்னு நின்னு காலெல்லாம் வெந்து கெடக்கும்."

"தோலைச் சுண்ணாம்புல போட்டா இன்னா ஆவும்?"

"மயிர் உதிரும். அப்புறம் சதையச் சீவுவாங்க. அப்புறம் பட்டைத் தண்ணியில ஊறப்போடுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மேடம், இது தோல் பதம் பண்ற பாட்டு."

ஆமாம். திரௌபதிக்கும் இதற்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். இந்த ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்த சமாச்சாரம், இருபது வருஷமாகப் பாடநூலில் தொன்மப் படிமமாக உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பேர் இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டியிருப்பார்கள். ஒருத்தராவது படித்திருந்தால்தானே. தனகோடிக்குப் பேராசிரியர்மேல் வந்த கோபம், படிக்காமலே எடுத்து எழுதிய அத்தனை பேர்மேலும் பரவி, கடைசியில் புத்தகத்துக்கு ஆறு தடவை எண் ஒட்டிய தன்மேலும் வந்து விழுந்தது. பிறகு அடிக்குறிப்பைப் பார்த்தாள். கோபம் திசை மாறியது.

'ஆற்காட்டு விடுதி ஒன்றில் இப்பாடலைத் தந்தவர், கலவைப் பகுதியில் பெண் வேடமிட்டும், பிற காலங்களில் தோல் பதனிடும் கூடத்தில் கூலியாகவும் பிழைத்துவந்த, பெயர் அறியப்படாத ஒருவர்.'

கலவைப் பக்கத்தில் திரௌபதி வேஷம் கட்டிவிட்டு, மழைக்காலத்தில் வாணியம்பாடித் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனவன் ஒரே ஒருத்தன். அவளோடு கூடப்பிறந்த அண்ணன் கன்னியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து துரியோதனன் கிரீடத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தான். அறுபது வயதிலும் புருவம் மட்டும் மழித்துத் திருத்தமாக இருக்கும். வைகாசி வரை ஜமாவுக்கு ஓய்வில்லை, ஒரு ஊரை முடித்தால் அடுத்த ஊர் வண்டி அனுப்பிவிடும்.

"வா தனம். சாப்ட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். ஆற்காட்டு லாட்ஜுல ஒரு வாத்தியாருக்குப் பாட்டுச் சொன்னியா நீ?"

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அடப்பாவி, அதுவா. ஆமா, டேப் வச்சிக்கினு வந்தாரு. மக்கன் பேடா வாங்கிக் குடுத்தாரு. நல்லா இருந்துச்சு."

"சிரிக்காத. இன்னா சொன்ன?"

"துகில் பாட்டு வேணும்னாரு. நம்ம ஜமாவுல அது வழக்கம் இல்லன்னு உனக்குத் தெரியாதா? விரதம் இருந்து, கொடி ஏறுன களத்துலதான் அதை வாயில எடுக்கணும். லாட்ஜு ரூம்ல கட்டில்மேல குந்திக்கினு பாடுற பாட்டா அது? சாமி குத்தம். முடியாதுன்னா வுட மாட்டேன்றாரு. ஒரே பேஜாரு. சரின்னு தோல் ஷாப்புல நாங்க பாடுறதை ராகத்தை மட்டும் மாத்திப் போட்டு வுட்டேன். நடுவுல கண்டுபிடிச்சிடுவாருன்னு பயந்துக்கினே இருந்தேன். அவரு கண்ண மூடிக்கினு தலையாட்டுறாரு."

"அந்தத் தலையாட்டல் இன்னிக்கு ஒரு பொண்ணு கழுத்துல கத்தியா நிக்குது." தனகோடி நின்றபடியே நடந்ததையெல்லாம் கொட்டினாள். "நீ வந்து சொல்லணும். அது பொய்ப் பாட்டு, நான்தான் சொன்னேன்னு காலேஜுல வந்து சொல்லு. நேர்ல பேட்டி எடுத்துப் பேரோட போட்டா ஆதாரமா எடுத்துக்கலாம்னு பல்கலைக்கழக விதியே இருக்குது. நான் தேடி எடுத்து வச்சிருக்கேன்."

கன்னியப்பனின் சிரிப்பு நின்றது. "நான் வரமாட்டேன் தனம். நாலு பேருக்கு முன்னாடி பொய்க்காரன்னு நிக்கச் சொல்றியா? நாளைக்கு எந்த ஊர்ல கூப்புட்டு வேஷம் குடுப்பான்? நான் ஒண்ணும் அவரை எழுதச் சொல்லலியே."

"உன் மானம் பெருசு, அந்தப் பொண்ணு படிப்பு சிறுசு. அப்படித்தானே? மேடையில மட்டும் பொம்பள மானம் போச்சுன்னு விடிய விடிய அழுவ. நெசத்துல ஒருத்தி நிக்கும்போது கிரீடத்துக்குச் சில்லு ஒட்டிக்கினு குந்தியிருப்ப."

சொல்லிவிட்டுப் பையிலிருந்த புத்தகத்தை அவன் மடியில் விட்டெறிந்தாள். பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. அண்ணனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். பாட்டைப் படிக்கும்போது உதடு ஓரம் மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. அடிக்குறிப்புக்கு வந்ததும் அவன் விரல் நின்றுவிட்டது. இரண்டு தடவை படித்தான்.

"தனம், இது இன்னா, பேரு தெரியாத ஆளுன்னு போட்டிருக்குது?"

"அப்படித்தான் போட்டிருக்கார்."

"என் பேரக் கேட்டாரே. கன்னியப்பன்னு சொன்னேன். அப்பா பேரு, ஊரு, ஜமா பேரு எல்லாம் கேட்டு எழுதிக்கினாரே. என் எதிர்லதான் எழுதினாரு."

தனகோடிக்கு இது புதிது. இத்தனை நேரம் அவர் ஏமாந்தவர் என்றாவது ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தாள். பேர் தெரிந்தும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். பேர் இல்லாத கூலி என்றால்தான் காட்டில் புதையல் எடுத்தவர் மாதிரி தெரியும். பேர் போட்டால் பாட்டு கன்னியப்பனுடையது ஆகிவிடுமே.

கன்னியப்பன் புத்தகத்தை மூடினான். "பொய் சொன்னது தப்புதான். ஆனா பொய் சொன்னவன் பேரையாச்சும் போட்டிருக்கலாம் இல்ல?"

அவன் எழுந்து கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான். "என்னைக்கு வரணும்?"

அன்றே, கிரீடத்துக்கும் கவிழ்ந்த பசைக்கும் நடுவில், தன் கைப்பேசியில் அண்ணனின் பேச்சைப் பதிவு செய்தாள் தனகோடி. யார், எங்கே, எப்போது மூன்றையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். நிஷா அதை நான்காம் இயலில் சேர்த்தாள். தனகோடி விதியைக் காட்டி முதல்வரிடம் ஒரு முழு மதியம் மல்லுக்கட்டினாள். வேறு வழி இல்லாமல், கையெழுத்தை வாய்மொழித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று தேதி கொடுத்தார்கள்.

தேர்வு நாளன்று கருத்தரங்கக் கூடத்தில் பேராசிரியர் ராஜகோபால் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த புறத்தேர்வாளர் அம்மா. நிஷா தான் களத்தில் பார்த்ததைச் சொல்லி முடித்ததும், கடைசி வரிசையில் தங்கையோடு உட்கார்ந்திருந்த கன்னியப்பன் எழுந்தான்.

"நான்தாங்க அந்தப் பாட்டைச் சொன்னவன். அது தோல் ஷாப்புப் பாட்டு. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. என் பேரு கன்னியப்பன்."

பேராசிரியர் அசரவில்லை. ஒரு புன்னகை புரிந்தார். "சரி, பெரியவரே. அது பொய்ன்னே வச்சுப்போம். அப்ப உண்மையான பாட்டு எது? இங்க பாடுங்க. கேட்டுட்டு நானே கையெழுத்துப் போடறேன்."

நிஷா திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தாள். பங்குனியில் ஒரு இரவு முழுக்க நின்று கேட்டவள், அவளாலேயே அதைச் சொல்லிவிட முடியும். அப்படியும் அவள் ஆய்வேட்டில் அந்தப் பாட்டை எழுதவில்லை. களத்துக்கு வெளியே சொல்லும் வழக்கம் அந்த ஜமாவுக்கு இல்லை என்பதை மட்டும் எழுதி, எந்த ஊர், எந்தக் களம் என்று குறித்திருந்தாள். இப்போதும் வாய் திறக்கவில்லை.

"இங்க பாட முடியாதுங்க," என்றான் கன்னியப்பன். "வைகாசி வரைக்கும் களம் இருக்குது. வாங்க. இருவது வருசத்துல ஒரே ஒரு ராத்திரி வந்து குந்தியிருந்தா, இந்தப் பொண்ணு சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வந்திருக்காது."

புறத்தேர்வாளர் அம்மா மெதுவாகப் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "சார், துகில் இரவு நீங்க நேர்ல பார்த்ததில்லையா?"

"அப்ப உடம்பு சரியில்ல," என்றார் ராஜகோபால்.

அந்த அம்மா பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டு, ஆய்வேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவரும் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? எழுந்து நின்று கைகூப்பி, "தகவலாளியை நேர்ல கூட்டிட்டு வந்து பேட்டி எடுக்கணும்னு நான்தான் இந்தப் பொண்ணுக்கு வழிகாட்டினேன்" என்று முடித்தார். கை தட்டினார்கள். நிஷா அழுதுகொண்டே சிரித்தாள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த கிறிஸ்டினாவுக்கு நடந்தது பாதி புரியவில்லை, மகளுக்குக் கையெழுத்து கிடைத்துவிட்டது என்பது புரிந்தது. தனகோடிக்கு மட்டும் உள்ளே கொதி அடங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சோற்றையும் தானே வடித்ததாகச் சொல்லும் ஆளை அன்றுதான் பார்த்தாள்.

நேராக நூலகத்துக்குப் போனாள். ஒரு சீட்டைத் தட்டச்சு செய்து ஆறு பிரதி எடுத்து, அந்தப் புத்தகத்தின் ஆறு பிரதிகளிலும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டினாள்.

'இப்பாடல் கூத்துப் பாடல் அன்று. தோல் பதனிடுவோர் பாடுவது. தந்தவர்: கன்னியப்பன். காண்க: நிஷா, முதுகலை ஆய்வேடு, இயல் 4.'

மறுநாள் பேராசிரியர் வந்து நின்றார். "யாரைக் கேட்டு ஒட்டினீங்க? என் புத்தகம் அது."

தனகோடி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "எழுதினது நீங்க சார். இங்க இருக்கிறது நூலகத்துப் புத்தகம். வேணும்னா கிழிச்சுப் போடுங்க. புத்தகத்தைக் கிழிச்சவங்க பேரைப் பலகையில எழுதி வைக்கிறது நம்ம வழக்கம். பேர் தெரியாதவர்னு எழுத மாட்டேன்."

அவர் போய்விட்டார். சீட்டு அப்படியே இருக்கிறது.

வைகாசி முடிந்து ஜமா ஓய்ந்த பிறகு ஒரு நாள், கன்னியப்பன் ஆற்காட்டிலிருந்து ஒரு டப்பா மக்கன் பேடாவோடு நூலகத்துக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவனைப் பார்த்துச் சில பிள்ளைகள் சிரித்தார்கள். தனகோடி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"நிஷா எப்படி கீது?"

"வேலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல நாடக டீச்சர். கம்பெனி பஸ் ஏறல."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "என் பேரு இங்க எங்கியோ இருக்குதுன்னியே?"

தனகோடி கணினியைத் திருப்பி, அவன் பேரைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. கன்னியப்பன், கூத்துக் கலைஞர், நேர்காணல். அவன் கிட்டத்தில் குனிந்து, புத்தகத்தைப் படித்தது மாதிரியே எழுத்துக் கூட்டிப் படித்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க வீம்பாகக் கேட்டான்.

"ஒண்ணுதானா?"

"உண்மை ஒரு தடவதானே சொன்ன," என்றாள் தனகோடி. டப்பாவைப் பிரித்து ஒரு பேடாவை எடுத்து அவன் வாயில் திணித்தாள். "வாய மூடிக்கினு தின்னு. இது நூலகம்."